லுவாண்டியில் முதல் வகுப்பு: பிளாக் உலகத்துக்குள் பாடம் நடத்தப் புறப்படுவோருக்கு

ஒரு கன மீட்டர் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் ‘ஆயிரம்’ என்று உடனே பதில் வரும். ‘சரி, அந்த ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கையால் காட்டு’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை குடத்தின் அளவைக் காட்டும். இன்னொன்று வகுப்பறை முழுவதையும் காட்டும். எண் தெரிகிறது, அளவு தெரியவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நான் கணினிக்குள் நடமாடும் லுவாண்டி போன்ற மெய்நிகர் உலகங்களுக்குள் பாடம் நடத்தத் தொடங்கினேன். லுவாண்டியில் எல்லாமே பிளாக் என்ற கன சதுரக் கட்டிகளால் ஆனது. ஒவ்வொரு பிளாக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டர். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளத்தை ஒவ்வொரு பிளாக்காகத் தோண்டி முடித்த பிள்ளைக்கு 180 கன மீட்டர் என்பது கை கண்ட விஷயம்.

உங்கள் பள்ளியிலோ வார இறுதி வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க நினைத்தால், எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை முடிந்தவரை படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்த உலகம்?

இந்த முயற்சி புதிதல்ல. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் அதற்குள் இடம் வாங்கின. வாங்கிய இடத்தில் நிறையப் பேர் கட்டியது நாற்காலி வரிசையும் திரையும் உள்ள விரிவுரை மண்டபம். வெளியே நடக்கும் வகுப்பையே உள்ளேயும் நடத்துவதால் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதே செகண்ட் லைஃபில் டெக்சாஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஜீனோம் ஐலண்ட் என்ற தீவும் இருந்தது. மெண்டலின் பட்டாணிச் செடிச் சோதனைகளை அங்கே போய் நாமே செய்து பார்க்கலாம். எனக்கு வழி காட்டியது அந்தத் தீவுதான். இடமும் கையும் தேவைப்படுகிற பாடத்தை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். மற்றதற்குக் கரும்பலகை போதும்.

செகண்ட் லைஃப் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக 2010 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பலர் கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சலுகை திரும்பியது, போனவர்கள் போனவர்கள்தான். மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ் என்ற மெய்நிகர் உலகம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா தன் ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறைச் சேவையை 2024 மே மாதத்தோடு நிறுத்தியது. பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டியது அடுத்தவர் சர்வரில் இருந்தால், அது எத்தனை நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

அதனால் புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது லுவாண்டி. 2010-இல் பின்லாந்துக்காரர் ஒருவர் எழுதத் தொடங்கிய திறந்த மூலச் செயலி இது. 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்று பெயர். காசு கிடையாது, பள்ளியின் கணினி லேபுக்குள்ளேயே ஓடும். ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் இணையமே வேண்டாம். பிள்ளைகள் கட்டும் உலகம் முழுக்க ஒரே ஃபோல்டரில் இருக்கும், பென்டிரைவில் எடுத்துப் போகலாம். இதே மாதிரி பிளாக் ஆட்டமான மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பும் நல்லதுதான், ஆசிரியருக்கான வசதிகள் அதில் கூடுதல். ஆனால் அதற்கு உரிமக் கட்டணமும் பள்ளிக்கென்று மைக்ரோசாஃப்ட் கணக்குகளும் தேவை. இரண்டும் ஏற்கெனவே இருக்கும் பள்ளி என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பாடங்களில் பெரும்பாலானவை அங்கேயும் நடக்கும்.

முதலில் நீங்கள் தனியாக

வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் தொடங்குங்கள். லுவாண்டியின் சொந்த இணையதளத்திலிருந்தே செயலியை இறக்குங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் உண்டு. கைபேசியில் கட்டுவது மெதுவாக நடக்கும் என்பதால் பாடத்துக்குக் கணினிதான் சரி.

செயலியைத் திறந்ததும் உள்ளே ஒன்றும் இருக்காது. லுவாண்டி ஒரு மேடை மட்டும்தான், ஆட்டத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். ‘கன்டென்ட்’ பகுதிக்குப் போய் ‘மைன்டெஸ்ட் கேம்’ என்பதைத் தேடி நிறுவுங்கள். வேறு ஆட்டங்களும் நிறைய உண்டு. நான் இதைச் சொல்லக் காரணம், இதில் துரத்தி வந்து அடிக்கும் உயிரினங்கள் கிடையாது. வெறும் மண், கல், மரம், தண்ணீர். பாடத்துக்கு அதுவே நல்லது.

அப்புறம் மூன்று நாள் மாலையில் அரைமணி நேரம் உள்ளே நடமாடுங்கள். நடக்க டபிள்யூ (W), ஏ (A), எஸ் (S), டி (D) சாவிகள், தாவ ஸ்பேஸ், பையைத் திறக்க ஐ (I), பேச டி (T). இடது கிளிக் தோண்டும், வலது கிளிக் வைக்கும். இவை விரலில் பதிந்த பிறகுதான் வகுப்புக்குப் போக வேண்டும். வீட்டிலோ பக்கத்திலோ இந்த மாதிரி ஆட்டம் ஆடும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுப்பதில் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பொறுமை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

எஃப்5 சாவியை மறக்காதீர்கள். அதை அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடம் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்களாகத் திரையில் தெரியும். கணக்குப் பாடம் முழுக்க இந்த மூன்று எண்களில்தான் நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: இங்கே உயரத்தைக் குறிப்பது ஒய். எக்ஸ் கூடினால் கிழக்கு, இசட் கூடினால் வடக்கு. முப்பரிமாணப் படம் வரையும் புத்தகங்கள் பலவற்றில் இசட்தான் மேல்நோக்கி இருக்கும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் குழம்புவார்கள்.

வகுப்புக்கான உலகம்

புது உலகம் உருவாக்கும்போது நில அமைப்பில் ‘ஃப்ளாட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மலையும் காடும் உள்ள உலகத்தைக் கொடுத்தால் முதல் பீரியட் முழுக்க ஊர் சுற்றுவதிலேயே போய்விடும்.

‘டேமேஜ்’ அணைந்திருக்கட்டும், யாரும் விழுந்து சாக வேண்டாம். ‘கிரியேட்டிவ்’ முறையையும் அணைத்து வையுங்கள். இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். கிரியேட்டிவ் இருந்தால் எல்லாப் பொருளும் அளவில்லாமல் கிடைக்கும், வேலையும் வேகமாக நடக்கும், உண்மைதான். ஆனால் அளவில்லாமல் கிடைக்கிற இடத்தில் பிள்ளைக்குக் கணக்குப் போட வேண்டிய தேவையே வராது. ஒரு பெட்டியில் சரியாக 64 பிளாக் மட்டும் வைத்து ‘இதற்குள் முடி’ என்று சொன்னால், வைக்கும் முன் யோசிப்பார்கள். உங்கள் பெயருக்கு மட்டும் கிரியேட்டிவ் அனுமதியைக் கொடுத்துக்கொண்டு பெட்டிகளை நீங்கள் நிரப்பி வையுங்கள்.

உலகத்தின் பகல் இரவு பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒரு முழு நாள் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், நம் நேரத்தைவிட 72 மடங்கு வேகம். பாடத்தின் நடுவில் இருட்டினால் ஒன்றும் தெரியாது. ‘டைம் ஸ்பீட்’ என்ற அமைப்பைப் பூஜ்யமாக்கினால் சூரியன் நின்ற இடத்தில் நிற்கும். காலை பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள்.

கூடுதலாக இரண்டு மாட்கள் (ஆட்டத்தோடு சேர்க்கும் துணை நிரல்கள்) போதும், இரண்டும் ‘கன்டென்ட்’ பகுதியிலேயே கிடைக்கும். ஒன்று ‘ப்ரொடெக்டர்’. அதன் பிளாக்கை நட்டால் சுற்றிலும் 5 பிளாக் தூரத்துக்கு நட்டவரும் அவர் சேர்த்தவர்களும் மட்டுமே கைவைக்க முடியும். இன்னொன்று ‘மெசிகான்ஸ்’, மின்சுற்றுப் பாடம் நடத்துவதாக இருந்தால். நிறுவினால் மட்டும் போதாது, அந்த உலகத்துக்கு அவற்றை இயக்கியும் விட வேண்டும்.

லேபில் இணைப்பது

லேபில் இருப்பதிலேயே நல்ல கணினியை ஆசிரியர் கணினியாக வையுங்கள். உலகத்தைத் திறக்கும்போது ‘ஹோஸ்ட் சர்வர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் உள் வலையமைப்புக்கு அனுமதி கொடுங்கள். பிள்ளைகளின் கணினிகள் உள்ளே வர முடியாமல் திணறுவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். அருகிலேயே சர்வரைப் பொதுப் பட்டியலில் அறிவிக்கும் தேர்வும் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். தொட்டால், இணையம் இருக்கும் லேபில் உங்கள் வகுப்பு முன்பின் தெரியாதவர்களின் கண்ணில் படும்.

மாணவர் கணினிகளில் லுவாண்டி மட்டும் இருந்தால் போதும், ஆட்டத்தையும் மாட்களையும் ஏற்ற வேண்டியதில்லை. தேவையான படங்களையும் ஒலிகளையும் ஆசிரியர் கணினியே அனுப்பிவிடும். ‘ஜாயின் கேம்’ பகுதியில் ஆசிரியர் கணினியின் ஐபி முகவரி (வலையமைப்பில் அந்தக் கணினியைக் குறிக்கும் எண்), 192.168.1.10 போன்ற ஒன்று, பக்கத்தில் போர்ட் எண் 30000. முதல் முறை ‘ரிஜிஸ்டர்’, அடுத்த முறையிலிருந்து ‘லாகின்’. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பை நிறுவுங்கள். வகுப்புக்கு முதல் நாளே எல்லாவற்றிலிருந்தும் ஒருமுறை நீங்களே நுழைந்து பாருங்கள். முதல் இணைப்பில் கோப்புகள் வந்து சேர நேரமாகும், அந்தக் காத்திருப்பு பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

பழைய கணினி திணறினால் அமைப்புகளில் பார்வை தூரத்தை 60, 70 என்று குறையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தமிழில் நடத்துபவர்களுக்கு இரண்டு சிக்கல் உண்டு. ஆட்டக்காரர் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு, கீழ்க்கோடு இவை மட்டுமே ஏற்கும். அதனால் பெயர்களை நீங்களே முடிவு செய்து கடவுச்சொல்லோடு சிறு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் முழுப் பெயர் வேண்டாம், வரிசை எண் சேர்ந்த ஒரு புனைபெயர் போதும். இன்னொன்று, உள்ளே அறிவிப்புப் பலகையிலும் அரட்டையிலும் தமிழ் எழுத்து ஒழுங்காக விழாது. அதனால் செய்ய வேண்டியதைத் தமிழில் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். எல்லோரும் ஒரே அறையில் இருப்பதால் பேச்சு வாய்ப்பேச்சாகவே நடக்கட்டும், அரட்டையைவிட அது எத்தனையோ மேல்.

முதல் பீரியடில் பாடம் வேண்டாம்

நான் செய்த தவறு இது. முதல் நாளே குளம் தோண்டும் பாடத்தோடு போனேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் பூமிக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள், மூன்று பேர் அடுத்தவர் நின்ற இடத்தைத் தோண்டினார்கள், ஒரு பெண் எங்கே போவதென்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தப் பீரியட் முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை அவள். ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களின் வேகத்தில் நான் வகுப்பை நடத்தினேன்.

இப்போதெல்லாம் முதல் பீரியடில் நடை மட்டும்தான். தொடக்க இடத்தைச் சுற்றி ஐந்தாறு பெட்டிகளைத் தெரியாதபடி வைத்து, ஒவ்வொன்றின் எக்ஸ், இசட் எண்களைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எஃப்5 போட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பொருளின் பெயரைத் தாளில் எழுதினால் முடிந்தது. ‘எக்ஸ் குறைய வேண்டுமே, நான் எந்தப் பக்கம் திரும்ப?’ என்று ஒரு பிள்ளை கேட்கும் இடத்தில் ஆயத்தொலைவுப் பாடம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் கையில் மவுஸ், இன்னொருவர் கையில் பென்சிலும் கட்டத்தாளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், நேரத்தை நீங்கள் அறிவியுங்கள். கணினி பற்றாக்குறைக்காகத்தான் இப்படித் தொடங்கினேன். இப்போது கணினி போதுமான அளவு இருந்தாலும் இருவராகவே உட்காரவைக்கிறேன். ஒருவருக்கு ஒருவர் வழி சொல்லும்போதுதான் ‘வடக்கே’, ‘இன்னும் நாலு மீட்டர்’, ‘செங்குத்தாக’ என்ற சொற்கள் அவர்கள் வாயில் வருகின்றன.

சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். அவர்களை விட்டுப்பிடியுங்கள். நடக்கும்போது திரை ஆடுவதை அமைப்புகளில் நிறுத்தலாம். 20 நிமிடத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து உள்ளே வைக்காதீர்கள்.

இனி பாடங்கள்

பிதாகரஸ் தேற்றத்திலிருந்து தொடங்குங்கள், தயாரிப்பு அதிகம் இல்லை. ஓர் இடத்தில் ஒரு கம்பம், அங்கிருந்து கிழக்கே 30, வடக்கே 40 பிளாக் தள்ளி உயரமாக இன்னொரு கம்பம். ஒரு குழு கிழக்கே நடந்து அப்புறம் வடக்கே திரும்பிப் போகட்டும். இன்னொரு குழு கம்பத்தை நேராகப் பார்த்துக் குறுக்கே போகட்டும். வெளியே ஒருவர் கடிகாரத்தோடு. இந்த உலகத்தில் நடை வேகம் நொடிக்கு 4 பிளாக், எல்லோருக்கும் ஒன்றுதான். சுற்றிப் போனால் 70 மீட்டர், ஏறத்தாழ பதினேழரை நொடி. குறுக்கே போனால் 50 மீட்டர், பன்னிரண்டரை நொடி. நிஜ மைதானத்தில் இதைச் செய்தால் ஓட்டக்காரப் பிள்ளை சுற்றிப் போயும் முதலில் வந்துவிடும். இங்கே கால் வலு கணக்கில் வராது, வழி மட்டும்தான் வரும். நேரத்தை எழுதிவைத்து, அதிலிருந்து குறுக்குத் தூரத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். தேற்றத்தின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

அடுத்தது 64 பிளாக். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பெட்டி, அதில் 64 கல். எல்லாவற்றையும் பயன்படுத்தி ஒரு திண்மம் கட்ட வேண்டும். வெளியே தெரியும் முகங்களின் எண்ணிக்கை, அடிப்பக்கத்தையும் சேர்த்து, மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே வரிசையாக நீட்டினால் 258 முகங்கள். 2, 4, 8 என்று கட்டினால் 112. நான்குக்கு நான்குக்கு நான்கு என்ற கன சதுரத்தில் 96. கன அளவு ஒன்றுதான், பரப்பு மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது என்ற கேள்வியோடு வெளியே வருவார்கள். அப்போது கல்கண்டையும் அதே கல்கண்டின் பொடியையும் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள்.

குளப் பாடம் பெரியது, இரண்டு பீரியடாவது ஆகும். மண்வெட்டியும் கடப்பாரைக்குப் பதில் குந்தாலியும் பெட்டியில் வையுங்கள், மண்ணுக்கு அடியில் கல் வரும். தோண்டி முடித்ததும் பையைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். ஓர் அடுக்கில் 99-க்கு மேல் நிற்காது என்பதால் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். மண்ணும் கல்லுமாக 180 வர வேண்டும். வராவிட்டால் குளத்தில் எங்கோ மூலை விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூடுதலாகத் தோண்டியிருக்கிறார்கள். விடைத்தாளைத் திருத்த நீங்கள் தேவையில்லை, பையே சொல்லிவிடும்.

தண்ணீர் நிரப்பும்போது கவனம். சாதாரண ‘வாட்டர்’ வேண்டாம். அதில் இரண்டு ஊற்றுகளை, அதாவது வாளியால் ஊற்றும் தண்ணீர் பிளாக்குகளை, அருகருகே வைத்தால் புது ஊற்று தானாக முளைக்கும், குளம் தன்னால் நிரம்பிவிடும், அள்ளினாலும் குறையாது. ‘ரிவர் வாட்டர்’ என்று இன்னொன்று உண்டு. அது பெருகாது, ஊற்றினால்தான் நிறையும். ஒரு வாளி ஒரு பிளாக், அதாவது ஆயிரம் லிட்டர். குளம் முழுக்க 180 வாளி. பொறுமை இருக்கும் குழு ஊற்றிப் பார்க்கட்டும், மற்றவர்கள் அடித்தளத்துக்கு மட்டும் ஊற்றி, 60 வாளியில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் போதும்.

மெசிகான்ஸ் மாட் பற்றிச் சுருக்கமாக: கம்பி, சுவிட்ச், விளக்கு, தர்க்க வாயில்கள் எல்லாம் உள்ளன. இரண்டு சுவிட்சும் போட்டால்தான் கதவு திறக்க வேண்டும் என்று ஒரு வேலை கொடுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் இருப்பவர்களுக்கு ஏற்றது.

சண்டை வந்தால்

வரும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் உடைப்பார். சின்ன விஷயமென்று தள்ளிவிடாதீர்கள், ஒரு மணி நேர உழைப்பு போன அழுகை நிஜமான அழுகை. ப்ரொடெக்டர் இருந்தால் பாதி குறையும். மீதிக்கு, ‘இன்டராக்ட்’ என்ற அனுமதியை ஒருவரிடமிருந்து எடுத்துவிட முடியும். எடுத்தால் அவர் நடக்கலாம், பார்க்கலாம், எதையும் தொட முடியாது. ஐந்து நிமிடத்துக்கு எடுத்துவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வெளியே அனுப்புவதைவிட இது நல்லது, பாடம் கண்முன்னால் நடந்துகொண்டிருக்கும். தீ, வெடிமருந்து இரண்டும் அமைப்புகளிலேயே அணைந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டு, ‘வேர்ல்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் உங்கள் உலகத்தின் ஃபோல்டரைத் தேதி போட்டு நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஒரு மாத வேலையை நான் இழந்தது நகல் இல்லாததால்தான். பிள்ளைகளிடம் அதைச் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை.

வெளியே வந்த பிறகு

45 நிமிடப் பீரியட் என்றால் கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கணினிக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் தாளில் திட்டம், நடுவே 25 நிமிடம் இருவரும் மாறி மாறி உள்ளே, அப்புறம் திரைகளை அணைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. உள்ளே விரல் செய்ததை மனம் பிடித்துக்கொள்வது அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். நேரம் போதாமல் அதை வெட்டிய நாட்களில், அடுத்த வாரம் கேட்டால் குளம் தோண்டியது நினைவிருக்கிறது, 180 நினைவில்லை.

நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: இந்த உலகத்தில் எது பொய்? மரத்தின் அடியை வெட்டினால் மேல் பாகம் அந்தரத்தில் நிற்கிறது. மணலும் சரளையும் விழுகின்றன, கல் விழுவதில்லை. இரண்டு ஊற்று சேர்ந்தால் மூன்றாவது பிறக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவேன், நிஜத்தில் என்ன நடக்கும், ஏன் என்று பக்கத்தில் அவர்களே எழுதுவார்கள். ஈர்ப்பு விசையும் பொருள் அழியாமையும் இப்படித்தான் எங்கள் வகுப்பில் பேச்சுக்கு வந்தன.

ஒருநாள், முதல் பீரியடில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் கை தூக்கினாள். ‘வாளி பொய், சார். ஆயிரம் லிட்டர் ஒரு டன். அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு தாவுகிறோம்.’